ரிங் ஸ்லிங்கா, மே டாயா, பக்கிளா? சேலம் வெயிலுக்கும் ஏற்காடு ஏற்றத்துக்கும் ஒரு கேரியர்

அட்டைப் பெட்டியில் 'ஆறு விதமாகச் சுமக்கலாம்' என்று படத்தோடு அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும், குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் பேபி கேரியர் வாங்குகிறார்கள். அந்த ஆறில் பாதியை ஒரு வீடு ஒருநாளும் தொடப்போவதில்லை. எண்ண வேண்டியது வேறு. குழந்தைக்கு எத்தனையாவது மாதத்திலிருந்து எத்தனை வயது வரை பொருந்தும்? வீட்டில் எத்தனை பேரால் அதைத் தனியாக மாட்டிக்கொள்ள முடியும்? ஏப்ரல் மதியம் சேலம் சின்னக்கடை வீதியிலும், டிசம்பர் சாயங்காலம் ஏற்காடு ஏரிக்கரையிலும் அதே துணி ஒத்துவருமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் கேரியரைத்தான் எல்லாவற்றுக்கும் ஆகும் கேரியர் என்று சொல்லலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஒருவரே தூக்குவார் என்றால், பட்டைகளைக் கொக்கியால் பூட்டும், உட்காரும் அகலத்தைக் குறைத்துக் கூட்டக்கூடிய பக்கிள் கேரியர். அம்மா, அப்பா, பாட்டி என்று மூன்று பேர் கைமாற்றித் தூக்கும் வீடு என்றால், நாடாவால் கட்டும் மே டாய். வளையத்தில் துணியை இழுத்து ஒரு தோளில் மாட்டும் ரிங் ஸ்லிங் எந்த வீட்டுக்கும் இரண்டாவதாக வாங்க நல்ல பொருள். முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் என்றால் அதுவே முதலாவது. கடைகளில் அதிகம் தொங்கும் ஒடுக்கமான 'கேரி பேக்' இந்தப் பட்டியலில் எங்கேயும் வராது. காரணத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

துணி எதைத் தாங்க வேண்டும்

நம் ஊரில் குழந்தையை இடுப்பில் வைத்துத்தான் தூக்குவோம். கால்கள் இரண்டும் விரிந்து நம் உடம்பைக் கவ்விக்கொள்ளும், முட்டி மேலே ஏறியிருக்கும், புட்டம் கீழே தொங்கும். தவளை உட்கார்ந்த மாதிரி. வளரும் இடுப்பு மூட்டுக்கு உகந்த நிலை இதுதான். குழந்தையை இப்படிக் கால் விரித்துச் சுமக்கும் சமூகங்களில் இடுப்பு மூட்டு விலகல் குறைவாகவும், கால்களை நீட்டி இறுகச் சுற்றி வைக்கும் சமூகங்களில் அதிகமாகவும் காணப்படுகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது பழைய வழக்கம். கீழே ஊரில் இடுப்பு, மேலே மலையில் முதுகு. இரண்டிலும் கால் விரிந்துதான் இருக்கும்.

கேரி பேக்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. தொடைகளுக்கு நடுவே நாலு விரல் அகலத்தில் ஒரு துணித் துண்டு. குழந்தையின் முழு எடையும் அதன்மேல் விழ, கால்கள் பொம்மைக் கால் மாதிரி நேராகத் தொங்கும். கொஞ்ச நேரம் வைத்தால் மூட்டு கெட்டுவிடும் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் குழந்தைக்கு வசதி இல்லை. எடை முழுவதும் நம் தோளை இழுப்பதால் தூக்குபவருக்கும் அரைமணிக்கு மேல் தாங்காது. பிறகு அது பரணுக்குப் போய்விடும்.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது அகலம். குழந்தையைத் தவளை நிலையில் பிடித்து, ஒரு முழங்கால் குழியிலிருந்து மறு முழங்கால் குழி வரை, புட்டத்தின் அடியாக டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறந்த புதிதில் சுமார் 20 செ.மீ. வரும், இரண்டு வயதில் அது ஏறத்தாழ இரு மடங்கு. கேரியரின் அடிப்பகுதி இந்த அளவை எட்ட வேண்டும், தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தையின் முழங்கால் மடங்காமல் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். சின்னக் குழந்தைக்குப் பெரிய கேரியர் வாங்கி 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விடும் பழக்கம் பாவாடைச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

அகலத்தைவிடப் பெரிய விஷயம் மூச்சு. கழுத்து நிற்காத குழந்தையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் மடிந்து அடைபடும். அப்போது அதற்கு அழக்கூட முடியாது. சத்தம் வராததால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பை மாதிரிக் குழிந்து, குழந்தையை ஆங்கில 'C' எழுத்துப் போலச் சுருட்டிப் படுக்கவைக்கும் ஸ்லிங்குகளில் இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2010-ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட்டது. 2018 முதல் அங்கே ஸ்லிங்குகளுக்குக் கட்டாயத் தரவிதியும் இருக்கிறது. நாலு மாதத்துக்குக் கீழே உள்ளவை, குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, சளி பிடித்தவை ஆகிய குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பிரிட்டனில் இதற்கு ஐந்து சோதனை சொல்லிக்கொடுக்கிறார்கள். துணி இறுக்கமாக இருக்கிறதா. குனிந்தால் முகம் தெரிகிறதா. தலையைக் குனிந்தால் உச்சியில் முத்தமிட முடிகிறதா. தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது ஒரு விரல் இடம் இருக்கிறதா. முதுகு சரியாமல் தாங்கப்பட்டிருக்கிறதா. இதை எந்தக் கேரியருக்கும் போட்டுப் பார்க்கலாம். ஐந்தில் ஒன்று தவறினாலும் கழற்றி மறுபடி கட்டுங்கள். முந்தானையையோ துண்டையோ குழந்தை முகத்தின் மேல் போர்த்திக்கொண்டு நடப்பது, கண்ணுபடும் என்பதற்காகவே ஆனாலும், வேண்டாம்.

ரிங் ஸ்லிங்

சுமார் இரண்டு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள துணி, ஒரு முனையில் இரண்டு வளையம். அவ்வளவுதான். பையில் மடித்து வைத்தால் ஒரு துண்டின் இடம். குழந்தைமேல் ஒரே அடுக்குத் துணி படுவதால் சேலம் வெயிலுக்கு இதைவிடக் காற்றோட்டமானது இல்லை. சிசேரியன் தையல்மேல் எதுவும் அழுத்தாது. பால் கொடுக்க, வளையத்தைத் தளர்த்திக் குழந்தையைக் கொஞ்சம் இறக்கினால் போதும். முடிந்ததும் மறுபடி உயர்த்தி நிமிர்த்திவிட வேண்டும்.

சேலைக்கும் இது ஒத்துப்போகும். முந்தானை இடது தோளில் விழுகிறது. வலதுகைப் பழக்கம் உள்ளவர்கள் குழந்தையை இடது இடுப்பில்தான் வைப்பார்கள். அப்படியானால் வளையம் வலது தோளுக்கு வரும், முந்தானையோடு மோதாது. தோளில் குத்தியிருக்கும் ஊக்கை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். தாலிக்கொடியையும் ரவிக்கைக்குள் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் குழந்தையின் கன்னத்தில் அச்சுப் பதியும்.

கட்டும்போது தவறு நடப்பது மூன்று இடத்தில். முதலாவது, வளையத்தை நெஞ்சுவரை இறக்கித் தொடங்குவது. குழந்தையின் எடை ஏறியதும் வளையம் இன்னும் கீழே வரும். அதனால் தோளுக்குச் சற்றே கீழே வைத்துத் தொடங்கினால்தான் கடைசியில் கழுத்தெலும்புக்கு அடியில் வந்து நிற்கும். இரண்டாவது, துணி முழுவதையும் ஒரே பிடியாக இழுப்பது. மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று பகுதி பகுதியாக இழுக்க வேண்டும். மேல் ஓரம் தொளதொளவென்று இருந்தால் குழந்தை பின்னால் சாயும். கீழ் ஓரத்தை மட்டும் அதிகம் இழுத்தால் மூன்றாவது தவறு தானாக வரும்: புட்டத்துக்கு அடியில் மடித்துவிட்ட துணி நழுவி, உட்காரும் குழி காணாமல் போகும். ஒரு சாண் அளவுக்குத் துணியை இரண்டு பேர் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கிச் செருகிவிட்டு, அதன்பிறகு இழுத்தால் குழி நிற்கும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: எடை ஒரே தோளில். எட்டு கிலோ தாண்டிய குழந்தையோடு ஒரு மணி நேரம் நடக்க இது ஆகாது. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு, பக்கத்துத் தெருக் கடைக்கு, தடுப்பூசி போட என்றால் இரண்டு வயது வரைக்கும் கைகொடுக்கும்.

தையல்காரரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துணியைத் தைக்கலாம், வளையத்தில்தான் சிக்கல். பை, பெல்ட்டுக்கு விற்கும் வளையங்களில் பற்றவைத்த இணைப்பு இருக்கும், அது ஒருநாள் விட்டுக்கொடுக்கும், அல்லது அதன் பிசிர் துணியை அறுக்கும். ஸ்லிங்குக்கென்றே வார்த்த, இணைப்பில்லாத அலுமினியம் அல்லது நைலான் வளையம் கிடைத்தால் மட்டும் தைக்கக் கொடுங்கள். பாலியஸ்டர் நூலில் மூன்று வரிசைத் தையல் வேண்டும்.

ராப்: நீளத் துணி

இதில் இரண்டு சாதி. ஒன்று பனியன் துணி மாதிரி இழுபடும் ராப், ஐந்து மீட்டர் போல நீளம். முதல் மூன்று, நாலு மாதத்துக்கு இது அருமை. குழந்தை மாரோடு ஒட்டித் தூங்கும். ஆனால் மூன்று அடுக்குத் துணி குழந்தையைச் சுற்றும். சேலத்தில் மார்ச் முதல் ஜூன் வரை இதைக் கட்டினால் இருவருக்கும் வேர்க்குருதான். ஏழெட்டு கிலோவில் தொய்ய ஆரம்பித்துவிடும். இதில் முதுகில் கட்டவே கூடாது, குழந்தை பின்னால் வளைந்தால் துணி இழுபட்டு வழிவிட்டுவிடும். ஐப்பசியில் பிறந்த குழந்தைக்கு வாங்கலாம். மாசியில் பிறந்ததற்கு வேண்டாம்.

இன்னொன்று இழுபடாத நெசவு ராப். வழக்கமான அளவு 4.6 மீட்டர், அகலம் 60 முதல் 70 செ.மீ. முன்னால், இடுப்பில், முதுகில், பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை எல்லாம் இதில் முடியும். படித்துக்கொள்ளப் பொறுமை உள்ளவருக்கு இதற்கு நிகர் இல்லை. மற்றவர்களுக்கு இது ஐந்து மீட்டர் குழப்பம்.

நெசவு ஊரில் இந்தக் கேள்வி வராமல் போகாது: வீட்டில் இத்தனை சேலை இருக்க, ராப் எதற்கு? சேலை ஐந்தரை மீட்டர், அதுவும் நீளத்துணிதானே. நியாயமான கேள்விதான். ஆனால் சேலையின் அகலம் ராப்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் மடித்தால் இரட்டை அடுக்கு, வெக்கை. ராப்புக்கென நெய்யும் துணி குறுக்குச் சாய்வில் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்படி, சதுர மீட்டருக்கு 200 கிராம், அதற்கும் மேல் கனமாக இருக்கும். சேலை அதைவிட மெலிசு, தோளில் கயிறாகச் சுருண்டு அறுக்கும். இளம்பிள்ளையில் நெய்வது போன்ற ஜரிகை, செயற்கைப் பட்டுச் சேலைகள் வழுக்கவும் செய்யும், முடிச்சு நிற்காது. நன்றாகத் துவைத்து நைந்த நூல் சேலைதான் தூளிக்கு மென்மை. அதே நைந்த சேலை சுமப்பதற்கு ஆகாது. தூளி கிழிந்தால் கீழே மெத்தை போடலாம், நடக்கும்போது அதற்கு வழியில்லை.

மே டாய்

பெயர் கான்டனீஸ் மொழி: 'மே' என்றால் முதுகில் சுமப்பது, 'டாய்' என்றால் நாடா. சதுரத் துணி ஒன்று, அதன் நாலு மூலையிலும் நாடா. கீழ் இரண்டை இடுப்பில் கட்ட வேண்டும், மேல் இரண்டைத் தோள்வழியாகப் பின்னால் எடுத்துக் குறுக்கே விட்டு முன்னால் கொண்டுவந்து, குழந்தையின் புட்டத்துக்கு அடியில் கட்ட வேண்டும். இடுப்புக்கு மட்டும் பக்கிள் வைத்த பாதி பக்கிள் வகையும் உண்டு.

இதன் பலம் யாரும் விளம்பரம் செய்யாத ஒன்று: சரிசெய்ய எதுவுமே இல்லை. ஒல்லியான அம்மா கழற்றிக் கொடுத்தால், தொப்பை உள்ள அப்பா அதே நிமிடம் கட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு சேலை கட்டிய பாட்டி. பக்கிள் கேரியரில் ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு பட்டைகளை நீட்டிக் குறைக்க வேண்டும். சலித்துப்போய் யாராவது தொளதொளவென்று அப்படியே மாட்டிக்கொள்வார்கள். குழந்தை கீழே சரிவது அங்கேதான். மே டாயில் முடிச்சு போடும் ஒவ்வொரு முறையும் அளவு புதிதாக எடுக்கப்படுகிறது. உடைய பிளாஸ்டிக் கிடையாது. நாடா பிரிந்தால் அம்மாபேட்டைத் தையல்காரரே போதும்.

வாங்கும்போது அடிப்பகுதியைச் சுருக்கிக் கட்ட உள்நாடா இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை உதவாது. தோள் நாடா அகலமாக விரியும் வகையாக இருந்தால் தோளில் எடை பரவும், சின்னக் குழந்தையின் முதுகுக்கு மேல் விரித்து இன்னொரு தாங்கலும் கொடுக்கலாம். பஞ்சு வைத்துத் தைத்த நாடா மாட்ட எளிது, ஆனால் அந்த இரண்டு பட்டையும் வேர்வையைக் குடித்து நாறும்.

தொல்லை எங்கே என்றால் நாடாவின் நீளத்தில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டில் மழை நாளில் இதைக் கட்டிப் பாருங்கள், நாடா சேற்றைப் பெருக்கும். பழகியவர்கள் முன்கூட்டியே இரண்டு நாடாவையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, தோள்மேல் வந்த பிறகு அவிழ்ப்பார்கள். முடிச்சைப் பின்முதுகில் போட்டுக்கொண்டு பஸ் சீட்டில் சாய்ந்தால் முதுகெலும்பில் கல் குத்துகிற மாதிரி இருக்கும். எனவே முன்னால், குழந்தைக்கு அடியில்.

பக்கிள் கேரியர்

இன்று பெரும்பாலான வீடுகள் வாங்குவது இதைத்தான். தவறில்லை. பத்து நொடியில் மாட்டலாம், எடை இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பிரிகிறது, கட்டப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் 'பக்கிள்' என்ற ஒரே பெயரில் நல்லதும் மோசமானதும் விற்கிறது.

முதலில் குறைந்தபட்ச எடை. பல கேரியர்கள் 3.2 அல்லது 3.5 கிலோவிலிருந்து என்று போட்டிருக்கும். நம் ஊரில் மூன்று கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகள் நிறைய. 'பிறந்த நாள் முதல்' என்ற பெட்டி வாசகத்தை நம்பி வளைகாப்புக்கே பரிசாக வாங்கிவிடுகிறார்கள். குழந்தையோ அந்த எடையை எட்ட ஒன்றிரண்டு மாதம் ஆகும். எடை வந்தாலும் அகலம் பொருந்துகிறதா என்று மேலே சொன்ன டேப் கணக்கைப் போடுங்கள். குழந்தையைத் தாங்கும் துணிப் பகுதியான பேனல், அகலம் குறையும் வகை என்றால் அடியில் வெல்க்ரோவோ, இழுக்கும் நாடாவோ இருக்கும். உயரமும் கூடிக் குறைய வேண்டும். துணி பிறந்த குழந்தைக்குக் காது மட்டம் வரையும், கழுத்து நின்ற பிறகு பிடரி வரையும், ஒரு வயதுக்கு மேல் அக்குள் மட்டத்துக்குச் சற்று மேலேயும் வந்தால் போதும்.

அடுத்து, தூக்குபவரின் அளவு. இதை யாரும் பார்ப்பதில்லை. சில இடுப்புப் பட்டைகள் ஓரளவுக்கு மேல் இறுகாது. சின்ன உடல்வாகு உள்ள பெண்கள் பட்டையைக் கடைசிவரை இழுத்தும் தொளதொளவென்றே இருக்கும். வாங்குமுன் இடுப்பளவை அளந்து, அந்தக் கேரியரின் குறைந்த அளவோடும் அதிக அளவோடும் ஒப்பிடுங்கள். அப்பாவுக்கும் வேண்டுமென்றால் அவருடைய வயிற்றையும் சேர்த்து.

இடுப்புப் பட்டையை ஜீன்ஸ் பெல்ட் போல இடுப்பெலும்புக்குக் கீழே கட்டுவது பரவலான பிழை. குழந்தை தாழ்ந்து, தோள் இழுத்து, நடக்க நடக்க முழங்கால் இடிக்கும். சின்னக் குழந்தைக்குப் பட்டை தொப்புளுக்கு மேலே வர வேண்டும். சேலை கட்டியவர்கள் கொசுவத்துக்கு மேலே, முந்தானையை முதலில் இழுத்துச் செருகிவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டை கொசுவத்தை உருவிவிடும். சிசேரியன் ஆனவர்கள் பட்டை தையல்மேல் விழுகிறதா என்று பார்த்து, உறுத்தினால் சில வாரம் ரிங் ஸ்லிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முன்னால் சுமக்கும்போது இரண்டு தோள் பட்டைகளையும் இணைக்கும் சின்ன பக்கிள் பின்முதுகில் வரும். கை எட்டாமல் தவிப்பார்கள். அந்த இணைப்பைத் தளர்வாகவே பூட்டித் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, பிறகு தோள் பட்டைகளை இழுத்தால் எட்டும். தோள் பட்டையைப் பிரித்துப் பெருக்கல் குறி போல மாற்றி மாட்டும் வசதி இருந்தால் அந்தச் சின்ன பக்கிளே தேவையில்லை. மூட்டு இறுக்கம் உள்ள பாட்டிக்கு இந்த வகைதான் ஆகும்.

வெளிமுகமாக உட்காரவைக்கும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கழுத்து நன்றாக நின்று, ஐந்தாறு மாதம் ஆன பிறகு, விழித்திருக்கும்போது, சிறிது நேரம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குழந்தை தூங்கினால் உடனே உள்முகமாகத் திருப்ப வேண்டும். இடுப்பில் வைத்தால் உலகம் முழுக்கத் தெரியும்.

சோல், அன்மோல், கோல் கோல் போன்ற இந்தியப் பெயர்களின் மெல்லிய பருத்தித் துணிக் கேரியர்கள் நம் வெயிலை மனதில் வைத்துத் தைத்தவை. குளிர்நாட்டுக்குச் செய்த தடித்த பஞ்சுக் கேரியர் வெளிநாட்டு உறவினர் தந்தது என்றால் ஏற்காட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நம்பமுடியாத தள்ளுபடியில் வரும் பிரபல வெளிநாட்டுக் கேரியர்களில் போலிகள் உண்டு. போலியின் பக்கிளும் தையலும் எந்தச் சோதனையும் காணாதவை.

ஜப்பானிய ஒன்புஹிமோவுக்கு இடுப்புப் பட்டையே கிடையாது. தானாக உட்காரும் குழந்தையை முதுகில் உயரமாகச் சுமக்க மட்டும். மறுபடி கர்ப்பமாக இருப்பவருக்கு நல்லது. பெட்டி மாதிரித் திண்டு வைத்த ஹிப் சீட், இறங்கி ஏறி அடம்பிடிக்கும் ஒரு வயதுக்காரருக்கு வசதி, ஆனால் பைக்குள் மடங்காது.

கீழே 38, மேலே பனி

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் ஒரு மணி நேரத்துக்குள் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே கேரியர் போதும். மாற்ற வேண்டியது குழந்தையின் சட்டையை.

கீழே: கேரியரையே ஒரு சட்டையாகக் கணக்கு வையுங்கள். குழந்தைக்கு மெல்லிய ஜுப்பா ஒன்று மட்டும், உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு மல் துணி. வயிற்றோடு வயிறு ஒட்டும் இடத்தில்தான் வேர்வை தேங்கும். பிடரியில் கைவைத்துப் பாருங்கள். நனைந்து சூடாக இருந்தால் நிழலில் இறக்கிப் பால் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே வெளியே தூக்கவே வேண்டியதில்லை. கேரியரில் இருக்கும் குழந்தையின் அரைஞாண் கயிறு, வெள்ளிக் காப்பு, கொலுசு எல்லாம் பட்டைக்கு அடியில் அழுந்துகிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள்.

மேலே: குழந்தைக்குத் தடித்த ஸ்வெட்டர் போட்டுக் கேரியருக்குள் திணிக்காதீர்கள். இறுக்கம் பொய்யாகத் தெரியும், உள்ளே வெந்தும் போகும். சாதாரணச் சட்டையோடு கட்டிவிட்டு, இருவரையும் சேர்த்து வெளியே ஒரு சால்வை, முகம் திறந்தபடி. உட்கார்ந்த நிலையில் கால்சட்டை முட்டிவரை ஏறிவிடும் என்பதால் நீளச் சாக்ஸ் முக்கியம்.

கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்து, ஈரம். முன்னால் குழந்தை இருந்தால் உங்கள் பாதமே உங்களுக்குத் தெரியாது. தானாக உட்காரும் குழந்தை என்றால் முதுகில் கட்டுங்கள். அதற்குக் குறைந்த வயது என்றால் அருவியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். முதுகில் இருக்கும் தலையை மறந்து நுழைவார்கள், அதனால் வாசலிலேயே முன்னால் மாற்றிக்கொள்வது நல்லது. பகோடா பாயிண்ட் பக்கம் முதுகுக் குழந்தையின் கையில் பிஸ்கட் கொடுத்தால் அது குரங்குக்கு.

கேரியர் செய்யாத வேலைகள்

டூ வீலரில் கேரியர் பாதுகாப்புப் பட்டை ஆகாது. 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, நாலு வயதுக்குக் குறைந்த குழந்தையை வண்டி ஓட்டுபவரோடு இணைக்கத் தனிப் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதத்திலிருந்து ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கேரியரில் முன்னால் மாட்டிக்கொண்டு ஓட்டினால், விழும்போது நம் உடம்பே குழந்தைமேல் விழும். காரிலும் அது கார் சீட்டுக்கு மாற்று இல்லை. மலைப்பாதையில் திடீரென்று பிரேக் போட்டால் பெல்ட் போட்ட பெரியவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது குழந்தை. பஸ்ஸில் வேறு வழியில்லை என்பதால் கேரியரில் வைத்துக்கொள்வார்கள். அப்போது சாய்ந்து படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள், சரிந்தால் தாடை நெஞ்சில் இறங்கும்.

ஏற்காடு ஏரியில் படகு ஏறும்போது கழற்றிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால், உங்களோடு கட்டுண்ட குழந்தையைத் தனியாக மிதக்கவிடவோ கரைக்குக் கொடுக்கவோ முடியாது. அடுப்புப் பக்கமும் முன்னால் கட்டியிருக்கக் கூடாது. தாளிக்கும் எண்ணெய் குழந்தை முகத்தின் உயரத்துக்குத்தான் தெறிக்கும்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

தோள் பட்டையும் இடுப்புப் பட்டையும் பேனலில் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட தையல் இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் வைத்துவிடுங்கள். பக்கிளைப் பூட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும், ஒரு விரலால் தட்டி அவிழக் கூடாது. மூன்று இடம் சேர்த்து அழுத்தினால் அவிழும் வகை நல்லது. பட்டையை உதறி இழுத்து, பூட்டிய அளவிலிருந்து வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழையது வாங்கினால் இவற்றோடு வெல்க்ரோ நைந்திருக்கிறதா, பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கீறல் விழுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாடியில் வெயிலில் காயவைத்தே பக்கிள் முறுகிப் போவது உண்டு.

துவைப்பது அடிக்கடி வேண்டாம். சிறுநீர் பட்ட இடத்தை உடனே அலசினால் போதும். சப்பும் இடத்தில் மட்டும் கழற்றிப் போடும் துணி உறை போட்டுக்கொண்டால் வேலை பாதி. முழுதாகத் துவைக்கும்போது பக்கிள்களைப் பூட்டி, பச்சைத் தண்ணீரில், ப்ளீச் இல்லாமல், நிழலில் காயப்போடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் துணியை விறைப்பாக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டால் ரிங் ஸ்லிங் வளையத்தில் வழுவழுவென்று ஓடும்.

வந்த அன்றே குழந்தையை வைத்துப் பழகாதீர்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, கண்ணாடி முன்னால் நான்கைந்து தடவை மாட்டிக் கழற்றுங்கள். முதுகுக் கட்டு என்றால் கட்டில்மேல் உட்கார்ந்தபடி, பக்கத்தில் ஒருவர் நிற்க. பிறகு குழந்தைக்கு: பால் குடித்து அரைமணி கழித்து, தூக்கமும் பசியும் இல்லாத நேரத்தில், பத்து நிமிடம். மாட்டியவுடன் நின்றுகொண்டே இருந்தால் எந்தக் குழந்தையும் அழும். நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.